கூரையில்லா அரங்கும் மூடிவைக்கப்பட்ட சிலையும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் மூடப்பட்ட நிலையிலேயே நின்றது. அங்கிருந்து சுமார் 6 கி.மீ. தொலைவில், ஜெ.சி. சாலையிலுள்ள ரவீந்திர கலாக்ஷேத்ரத்தின் பின்புறம், கூரையே இல்லாத நாடக அரங்கம் ஒன்று உள்ளது. கன்னட நவீன நாடகத்தின் வரலாற்றில் முக்கிய இடம் பெற்ற அந்த அரங்குக்கு "சம்ச பயலு ரங்கமந்திரம்" என்று பெயர். "பயலு" என்றால் கன்னடத்தில் வெட்டவெளி.

சிலையும் அரங்கமும் ஒரே நகரத்தில்தான் உள்ளன. ஆனால், அல்சூரில் வாழும் ஒரு தமிழர் மாலை நேரத்தில் நாடகம் பார்க்க அங்கு செல்லும்போது, வரைபடத்தில் இப்போது காணப்படாத பழைய எல்லை ஒன்றைக் கடந்தே செல்கிறார்.

இரு நகரங்கள், ஒரு பெயர்: நான்காம் மைசூர்ப் போருக்குப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை, 1809-ல் அல்சூர்ப் பகுதிக்கு மாற்றப்பட்டது. கண்டோன்மென்ட் உருவானது. படை வீரர்களாகவும், கட்டடத் தொழிலாளர்களாகவும், வணிகர்களாகவும் சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்களில் இருந்து தமிழர்கள் திரளாக அங்கு குடியேறினர். "மதராஸ் சாப்பர்ஸ்" என்றழைக்கப்படும் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரியையொட்டியே அமைந்துள்ளது.

1881-ல் மைசூர் அரசு மீண்டும் உடையார் வசம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும், கண்டோன்மென்ட் பகுதி மட்டும் ஆங்கிலேய ரெசிடென்டின் நேரடி நிர்வாகத்தில் நீடித்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூருக்குத் திரும்பக் கிடைத்தது. பேட்டை நகரம், கண்டோன்மென்ட் ஆகியவற்றின் நகராட்சிகள் 1949-ல் இணைக்கப்பட்டு ஒரே மாநகராட்சி ஆயின. கப்பன் பூங்காவின் ஒருபுறம் கன்னடப் பேட்டை, மறுபுறம் தமிழும் உருதும் ஆங்கிலமும் கலந்த கண்டோன்மென்ட் என்ற பிரிவு சட்டப்படி அந்த ஆண்டோடு முடிந்தது. பழக்கத்தில் அவ்வளவு விரைவில் முடியவில்லை.

1950-ல் தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கு அருகில் அண்ணாசாமி முதலியார் சாலையில் அமைந்ததும், கன்னட நாடகக்காரர்களின் கூடாரமாக ஜெ.சி. சாலை அமைந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

தாகூர் பெயரில் ஓர் அரங்கம்: ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு விழா 1961-ல் கொண்டாடப்பட்டபோது, நாட்டின் முக்கிய நகரங்களில் அவர் பெயரால் கலையரங்குகள் எழுப்பப்பட்டன. தில்லியில் மூன்று அகாதெமிகளும் இயங்கும் ரவீந்திர பவன், ஹைதராபாதின் ரவீந்திர பாரதி, சண்டீகரின் தாகூர் அரங்கம் ஆகியவை அந்த வரிசையில் வந்தவை. பெங்களூருவில் ரவீந்திர கலாக்ஷேத்ரம் 1963-ல் திறக்கப்பட்டது.

மூடிய அரங்கைவிட அதன் பின்புறத்து வெட்டவெளியே பின்னர் வரலாறு படைத்தது. தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காஸியிடம் பயின்ற பி.வி. காரந்த், 1972-ல் அங்கு மூன்று நாடகங்களை மேடையேற்றினார். சோபாக்ளிஸின் "ஈடிபஸ்" (கன்னடத்தில் பி. லங்கேஷ்), சந்திரசேகர கம்பாரின் "ஜோகுமாரசுவாமி", லங்கேஷின் "சங்கிராந்தி" ஆகியவை அவை. கன்னட நாடகத்தின் போக்கை மாற்றியவை என்று இம்மூன்றும் இன்றளவும் குறிப்பிடப்படுகின்றன.

மூன்றுமே அரசியல் பேசியவை என்பது கவனிக்கத்தக்கது. கொள்ளைநோயால் வாடும் நகரத்தின் மன்னன், குற்றவாளியைத் தேடப்போய்த் தானே குற்றவாளி என்று அறிவது "ஈடிபஸ்". நிலம் யாருக்குச் சொந்தம், உழுபவனுக்கா உரிமையாளனுக்கா என்ற கேள்வியை நாட்டார் வழிபாட்டுக் கதை ஒன்றின் வழியாக எழுப்பியது "ஜோகுமாரசுவாமி". 12-ம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரின் சமூகப் புரட்சி சந்தித்த நெருக்கடியைப் பேசியது "சங்கிராந்தி".

தேவராஜ் அர்ஸ் அரசின் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்தது 1974 மார்ச்சில். சட்டப்பேரவையில் அந்த விவாதம் முடிவதற்கு முன்பே, அதே கேள்வியை நகரத்து மக்கள் வெட்டவெளியில் அமர்ந்து கேட்டுவிட்டனர். காரந்த் பின்னர் 1977-ல் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராகத் தில்லி சென்றார். 1989-ல் மைசூரில் தொடங்கப்பட்ட ரங்காயணத்துக்கும் அவரே முதல் இயக்குநர்.

பார்வையாளருக்கு என்ன வேறுபாடு?: குளிரூட்டப்பட்ட அரங்கில் விளக்குகள் அணைந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் மறைந்துவிடுகிறார். திறந்தவெளி அரங்கில் அப்படியில்லை. படிக்கட்டுகளே இருக்கைகள். எதிரில் நாடகம், பக்கவாட்டில் சக பார்வையாளர்களின் முகங்கள். யார் சிரிக்கிறார், யார் முகம் சுளிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நடிகர்களுக்கும் தெரியும்.

அதற்குரிய சிரமங்களும் உண்டு. இருட்டிய பிறகே மேடை விளக்குகளுக்குப் பயன் கிடைக்கும். பெங்களூருவில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பும், ஜூலையில் 6.50 மணி வாக்கிலும் அமைகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஏப்ரல், மே மாதங்களிலும் மாலை நேரத்து இடிமழைக்கு உத்தரவாதம் சொல்ல இயலாது. ஜெ.சி. சாலையின் வாகன இரைச்சல் ஆண்டு முழுவதும் உண்டு. எனவே, திறந்தவெளியில் நடிப்பவர் குரலை உயர்த்தாமல் இருக்க முடியாது. கூட்டுப்பாடலும் தாளமும் துணைக்கு வந்தாக வேண்டும். கம்பெனி நாடகங்களிலும் யட்சகானத்திலும் இருந்து இசையைக் காரந்த் எடுத்துக்கொண்டதற்கு அழகியலோடு இந்த நடைமுறைத் தேவையும் பொருந்தி வந்தது.

அல்சூரில் இருந்து நாடகம் பார்க்கச் செல்வது முன்பைவிட இப்போது எளிது. பெங்களூரு மெட்ரோவின் முதல் வழித்தடம் 2011 அக்டோபரில் திறக்கப்பட்டபோதே அல்சூருக்கு "ஹலசூரு" என்ற பெயரில் நிலையம் கிடைத்தது. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் இறங்கி நடந்தால் கலாக்ஷேத்ரம். நாடகம் முடிந்து கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுவதும் அந்த மாலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

புதிய அனுபவமா?: வெட்டவெளியில் அமர்ந்து இரவெல்லாம் கதை பார்ப்பது அல்சூர்த் தமிழர்களுக்குப் புதிதன்று. அவர்களில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காடு வட்டாரம்தான் தெருக்கூத்தின் தாய்மடி. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடியும்வரை நடைபெறும். பெங்களூருவின் பேட்டைப் பகுதியில் தர்மராயர் கோயிலை மையமாகக் கொண்டு சித்திரைப் பௌர்ணமியன்று நடைபெறும் கரகத் திருவிழாவும் திரௌபதிக்கு உரியதே. கரகம் இரவில் வீதியுலா வரும்போது மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்று செல்வது மரபு. ஒரு நகரமே கூரையில்லா அரங்கமாக மாறும் அந்த இரவில், யார் எந்த மொழிக்காரர் என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால், அந்தக் கேள்வி கேட்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

1991-ம் ஆண்டு: அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது 1991-ல். கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் திறப்பு விழா நின்றுபோனது. அதே ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து பெங்களூருவிலும் சுற்றுப்பகுதிகளிலும் தமிழர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. உயிர்கள் பலியாயின. குடிசைகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கு வெளியேறினர். அந்த நாள்களுக்குப் பின், பொது இடத்தில் உரக்கத் தமிழ் பேசத் தயங்கிய ஒரு தலைமுறை பெங்களூருவில் உண்டு.

2000 ஜூலை 30-ல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், தனது கோரிக்கைகளில் ஒன்றாக இந்தச் சிலைத் திறப்பையும் சேர்த்தபோது சிக்கல் மேலும் முற்றியது. வன்முறையின் வாயில் இருந்து வந்த கோரிக்கை, நியாயமாக அதைக் கேட்டுவந்தவர்களையும் வாய்மூட வைத்தது.

2009 ஆகஸ்ட் 9-ம் தேதி, கர்நாடக முதல்வர் பி.எஸ். எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் மு. கருணாநிதி திருவள்ளுவர் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள்கள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மூன்றடிகளில் நீதி சொன்னவர் சர்வக்ஞர். ஈரடிகளில் சொன்னவர் வள்ளுவர். இரு மாநிலங்களின் அரசியலுக்கு அந்த எளிய உடன்பாட்டை எட்ட 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2016 செப்டம்பரில் காவிரி விவகாரத்தில் பெங்களூருவில் மீண்டும் தமிழகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் எரிக்கப்பட்டபோது, சிலைத் திறப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும் தெளிவாயிற்று.

கலைஞர்கள் கடந்த எல்லை: அரசியல் இப்படித் தடுமாறிய காலத்திலும் இரு மொழிகளுக்கும் இடையே கலைஞர்களின் போக்குவரத்து நிற்கவில்லை. கிரீஷ் கார்னாட் 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றியவர். "மதராஸ் பிளேயர்ஸ்" நாடகக் குழுவில் இயங்கியவர். அவரது "துக்ளக்" 1964-ல் வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே சுல்தானை வைத்து சோ தமிழில் எழுதிய அங்கத நாடகம் தனி வழியில் புகழ்பெற்றது. லட்சியவாதியாகத் தொடங்கிய ஆட்சி எப்படிச் சிதைகிறது என்று கார்னாட் கேட்டார். நிகழ்கால அரசியல்வாதிகளைச் சோ எள்ளி நகையாடினார். தில்லியில் அல்காஸி கார்னாடின் "துக்ளக்"கைப் புராணா கிலா கோட்டைச் சுவர்களின் முன்னே திறந்தவெளியில் நிகழ்த்தியது இந்திய நாடக வரலாற்றின் பெரும் நிகழ்வுகளில் ஒன்று.

கர்நாடகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய தமிழ் எழுத்தாளர் பாவண்ணன், கார்னாடின் நாடகங்களையும் பிற கன்னடப் படைப்புகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். எஸ்.எல். பைரப்பாவின் "பருவம்" நாவல் மொழிபெயர்ப்புக்காக அவருக்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. அந்த நூல்களை வாசித்த தமிழருக்கு ஜெ.சி. சாலையின் படிக்கட்டுகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

சட்டம் பார்த்த நாடகம்: திறந்தவெளியில் மக்கள் கூடி நாடகம் பார்ப்பதை அரசுகள் எப்போதும் சற்று அச்சத்துடனேயே கவனித்து வந்துள்ளன. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய "நீல் தர்ப்பண்" போன்ற வங்க நாடகங்களும், வேல்ஸ் இளவரசர் வருகையையொட்டி எழுந்த அங்கத நாடகமும் ஆங்கிலேய அரசை உறுத்தின. விளைவாக வந்தது 1876-ம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் என்று கருதினால் எந்த நாடகத்தையும் தடை செய்யலாம்.

விடுதலைக்குப் பிறகும் அது நீடித்தது. பிரேம்சந்தின் "ஈத்கா" கதையை 1953-ல் லக்னௌவில் நாடகமாக்கிய இந்திய மக்கள் நாடக மன்றத்தினர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அலாகாபாத் உயர் நீதிமன்றம் 1956-ல் தீர்ப்பளித்தது. ஆயினும், மத்திய சட்டத் தொகுப்பில் இருந்து அது அகற்றப்பட்டது 2018 ஜனவரியில்தான். நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் (இரண்டாவது) சட்டம், நூற்றுக்கும் மேற்பட்ட காலாவதிச் சட்டங்களோடு இதையும் நீக்கியது. 142 ஆண்டுகள் நாடகக்காரர்களை மிரட்டிய சட்டம், நீண்டதொரு அட்டவணையில் ஒரு வரியாக முடிந்தது.

தமிழகத்தின் கதையும் வேறல்ல. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் எழுப்பிய புயலின் பின்னணியில் 1954-ல் மாநிலம் தனக்கென ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இயற்றியது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி அனுமதி பெறும் நடைமுறைக்கு எதிராக "பரீக்ஷா" நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்தார். அந்தச் சட்டத்தின் தடைப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அறிவித்தது.

சட்டம் மட்டுமே ஆபத்தன்று. தில்லிக்கு அருகே சாகிபாபாத் ஜண்டாப்பூரில் 1989 ஜனவரி 1-ம் தேதி வீதி நாடகம் நடத்திக் கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். ஜனவரி 4-ம் தேதி, அவருடைய மனைவியும் குழுவினரும் அதே இடத்துக்குச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தனர்.

பெங்களூரு அரங்கின் பெயரிலும் இந்த அச்சத்தின் நிழல் உண்டு. "சம்ச" என்ற புனைபெயரில் மைசூர் மன்னர்களைப் பற்றி வரலாற்று நாடகங்கள் எழுதிய சுவாமி வேங்கடாத்ரி ஐயர் (1898-1939), காவல்துறை தன்னைக் கண்காணிப்பதாக அஞ்சியபடியே அலைந்து, இறுதியில் தற்கொலை செய்துகொண்டவர். எழுதியவற்றில் சில நாடகங்களே இன்று கிடைக்கின்றன.

தந்தையின் நாடகம், மகளின் உடல்: 2017 செப்டம்பர் 5-ம் தேதி இரவு, பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் பெங்களூருவில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய உடல் பொதுமக்கள் அஞ்சலிக்காகக் கலாக்ஷேத்ரத்தின் சம்ச திறந்தவெளி அரங்கில் வைக்கப்பட்டது. அதே வளாகத்து வெட்டவெளியில்தான் 45 ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய தந்தை லங்கேஷின் "சங்கிராந்தி" மேடையேறியது. சமத்துவம் பேசியவர்களை அதிகாரமும் மதவெறியும் என்ன செய்யும் என்று கேட்ட நாடகம் அது.

2019 ஜூன் 10-ம் தேதி கார்னாட் காலமானபோது, அவரது விருப்பப்படி அரசு மரியாதையும் பொது அஞ்சலியும் தவிர்க்கப்பட்டன. அல்சூருக்குக் கிழக்கே கல்பள்ளி மின்மயானத்தில் உடல் எரியூட்டப்பட்டது.

எஞ்சியிருக்கும் வெட்டவெளி: மக்கள் கூடுவதற்கான இடம் எல்லா நகரங்களிலும் சுருங்கி வருகிறது. தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்கு 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது; முழுமையான தடை கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது. பெங்களூருவிலோ, ஆர்ப்பாட்டங்களைச் சுதந்திரப் பூங்காவுக்குள் மட்டும் அனுமதிக்கும் ஆணையை 2021-ல் காவல்துறை பிறப்பித்தது. போக்குவரத்து நெரிசல் என்ற காரணத்தை மறுக்க இயலாது. ஆனால், ஏரிகளும் திடல்களும் கட்டடங்களாகிவிட்ட நகரத்தில், நூற்றுக்கணக்கானோர் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்த்து, ஒருவர் முகத்தை மற்றொருவர் பார்க்கக்கூடிய இடங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பது நகரமைப்பு தொடர்பான கேள்வி மட்டுமன்று.

2004-ல் ஜெ.பி. நகரில் திறக்கப்பட்ட ரங்கசங்கரா அரங்கம், நேரம் தவறாமைக்கும் ஒழுங்குக்கும் நாடெங்கும் பெயர் பெற்றது. மைசூர் ரங்காயணம் 2010-ல் குவெம்புவின் "மலைகளல்லி மதுமகளு" நாவலை இரவு முழுவதும் நீளும் திறந்தவெளி நாடகமாக நிகழ்த்தியது; அது பின்னர் பெங்களூருவின் கலாகிராமத்துக்கும் வந்தது. விடியும்வரை விழித்திருந்து பார்க்க நகரவாசிகள் தயார் என்பதை அந்த நாடகம் காட்டியது. குறை பார்வையாளர்களிடம் இல்லை. இடத்தைப் பராமரிப்பதிலும், குறைந்த கட்டணத்தில் சிறு குழுக்களுக்குக் கொடுப்பதிலும், எல்லா மொழிக் குழுக்களையும் அழைப்பதிலும் அரசுகள் காட்டும் அக்கறையில்தான் இருக்கிறது.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. கூத்தையும் திடல் மேடையையும் பெருமையாகப் பேசும் மாநிலத்தில், நவீன நாடகத்துக்கென நிலையான திறந்தவெளி அரங்குகள் எத்தனை என்று சட்டப்பேரவையில் எவரேனும் கேட்கலாம். பெங்களூருவில் தமிழ் நாடகத்துக்கும், சென்னையில் கன்னட நாடகத்துக்கும் ஆண்டுக்கொரு மாலையை இரு அரசுகளும் ஒதுக்கினால் அதற்குப் பெரும் செலவு பிடிக்காது. சிலைகளைப் பரிமாறிக்கொண்ட மாநிலங்களுக்கு நாடகங்களைப் பரிமாறிக்கொள்வது கடினமாக இருக்காது.

வள்ளுவர் சிலையை மூடியிருந்த திரை விலகிவிட்டது. ஜெ.சி. சாலை அரங்கில் விலக்குவதற்குத் திரையே இல்லை. அல்சூரில் இருந்து அங்கு செல்லும் தமிழர், கன்னடம் முழுவதும் புரியாவிட்டாலும், படிக்கட்டில் ஓர் இடம் பிடித்து அமரலாம். பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து இடம் கொடுப்பார். காவிரியில் நீர் குறையும் ஆண்டுகளிலும் அந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதே இரு மாநிலங்களின் அரசியலுக்கு முன்னுள்ள கேள்வி.